கூடையில் கிடந்த கீறல்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு மருத்துவமனை இருந்தது. அதன் எக்ஸ்ரே அறையில் ஒரு கதிர் வாழ்ந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாது, ஓசையும் எழுப்பாது. பொத்தானை அழுத்தினால் குழாயிலிருந்து புறப்படும். படுத்திருப்பவரின் தோலையும் தசையையும் எளிதாகக் கடக்கும். எலும்பில் பெரும்பகுதி தடைபடும். தப்பி வந்தது அடியில் உள்ள தகட்டில் போய் விழும். எங்கே எவ்வளவு விழுந்தது என்று தகடு சொல்வதே படம்.

பழைய நாளில் கதிர் வாரி வழங்கிற்று. படங்களும் தெளிந்த நீரில் கூழாங்கல்லைப் பார்ப்பதுபோல் வந்தன. ஆனால் கதிர் நுழைந்து சென்ற உடலில் சிறு சேதம் தங்கக்கூடும். பலமுறை நுழைந்தால் சேதமும் சேரும். வளரும் உடலில் அதன் ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே, குழந்தைகளுக்குள் மிகக் குறைவாகவே போக வேண்டும் என்று கதிருக்குக் கட்டளை வந்தது. கதிர் முணுமுணுக்கவில்லை. தன் வலிமையைக் கண்டு தானே அஞ்சும் அளவுக்கு அதற்கு அறிவு இருந்தது.

கதிர் குறைந்தது; படத்தில் மணல் பிறந்தது.

மழை தொடங்குவதைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். கனமழை முற்றத்தை ஒரே சீராக நனைத்துவிடும். தூறல் அப்படிச் செய்யாது. இங்கே ஒரு புள்ளி, அங்கே இரண்டு, நடுவில் காய்ந்த தரை. குறைந்துபோன கதிர் தகட்டின்மேல் தூறலாகத்தான் விழுந்தது. படம் முழுவதும் கறுப்பும் வெளுப்புமாகப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். அந்த அறையில் அவற்றுக்கு மணல் என்று பெயர்.

படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர் கோமதிநாயகம், திரையின் அருகே மூக்கைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். பிறகு, படம் எடுக்கும் முப்பிடாதியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது? தாமிரபரணி மணல அள்ளிக் கொட்டிட்டு அதுக்குள்ள எலும்பத் தேடச் சொல்லுதியா?"

"கதிரக் கம்மியா விட்டா இப்படித்தான் சார் வரும். கூட விட்டாத் திட்டுவீங்க, கம்மியா விட்டாலும் திட்டுவீங்க. நான் எங்க போக?"

அவள் சொன்னதில் பிழையில்லை. படம் விளங்காதபோது இரண்டாம் முறை எடுக்க வேண்டியிருந்தது. முதல் முறை மிச்சம் பிடித்ததை இரண்டாம் முறை செலவழித்தால், குழந்தைக்கு என்ன லாபம்?

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, அறைக் கணினிக்குள் புதிதாக ஒரு மென்பொருள் வந்து சேர்ந்தது. அதற்குத் துடைப்பான் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

துடைப்பானின் வேலைமுறை எளியது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிடும். அண்டை அயலாரைப்போல் இருந்தால் விட்டுவிடும். இல்லாவிட்டால் அதன் நிறத்தை அயலாரின் நிறத்துக்கு இழுத்துவிடும். இழுத்தபோது உதிர்ந்ததைக் கூட்டி, கணினியின் மூலையில் இருந்த கூடையில் போடும். நாள் முடிவில் கூடை தானாகக் காலியாகும். அதற்குள் என்ன கிடந்தது என்று யாரும் பார்த்ததில்லை. துடைப்பானும் பார்த்ததில்லை.

மணலுக்கும் அதற்கும் முதல் நாளே பகை மூண்டது.

"அழுக்குகளே, நகருங்கள்," என்றது துடைப்பான்.

"வாரும், கூட்டுகிறவரே," என்றது மணல். "எங்களை அழுக்கு என்கிறீர். கதிர் ஒரு குழந்தைக்காகத் தன்னைக் குறைத்துக்கொண்டதே, அப்போது பிறந்தவர்கள் நாங்கள். கதிரின் இரக்கத்துக்கு விலை உண்டு. அந்த விலை நாங்கள்தான்."

"பிறப்பைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. கூடைக்குள் போங்கள்."

"போகிறோம். ஆனால் அள்ளும்போது எங்களைப் பார்த்து அள்ளும். எங்களோடு வேறு யாராவது வந்துவிடப் போகிறார்கள்."

துடைப்பான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைய முதல் படம் திரையில் ஏறியதும் கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகம் தெளிந்தது.

"சுத்தமா இருக்கு," என்றார்.

வெளியே காத்திருந்த ஒரு கிழவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். அவருடைய பேரன் சிரித்தான். துடைப்பான் இதையெல்லாம் மூலையிலிருந்து பார்த்தது. சொல் தனக்கே உரியது என்று எடுத்துக்கொண்டது.

இங்கேதான் தவறு நுழைந்தது. அந்த மருத்துவமனையில் ஒருவருடைய நெஞ்சிலோ எலும்பிலோ நோய் எதுவும் தென்படாவிட்டால், "படம் சுத்தமா இருக்கு" என்பார்கள். மக்களும் அப்படியே பேசுவார்கள். "எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தமாம்" என்று ஊருக்குப் போன் செய்வார்கள். மென்பொருளுக்கு இந்தப் பேச்சு வழக்கை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தான் துடைத்துக் கொடுக்கும் படத்தைத்தான் புகழ்கிறார்கள் என்று அது நம்பிற்று. புகழ் பெற்றவர்கள் செய்வதையே அதுவும் செய்தது. புகழ் கிடைத்த திசையில் இன்னும் வேகமாகப் போயிற்று. ஒவ்வொரு படத்தையும் முன்னதைவிடச் சற்று அழுத்தித் துடைத்தது.

ஒரு நாள் முற்பகலில் ஜெபமலர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகள் எபிசிபாவுக்கு ஆறு வயது. பிறவியிலேயே அவளுடைய எலும்புகள் உறுதியற்றவை. மற்றக் குழந்தைகள் விழுந்து எழுந்து ஓடும் இடத்தில் இவளுக்குக் கட்டுப்போட நேரும். ஆகவே அந்த அறையும் கதிரும் அவளுக்குப் புதியவை அல்ல. இனி வளர்ந்து முடியும்வரை எத்தனை முறை வர வேண்டியிருக்குமோ, அதுவும் யாருக்கும் தெரியாது.

"கால் வலிக்குன்னு சொல்லுதா சார்," என்றாள் ஜெபமலர். "விழவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்துப் படியில எறங்கினாளாம், அம்புட்டுதான். டீச்சர் என்னடான்னா டிரில்லுக்குப் பயந்து நடிக்கான்னு சொல்லுதாங்க."

"நடிக்கியா நீ?" என்றார் கோமதிநாயகம்.

"எனக்கு நடிக்கத் தெரியாது. ஆண்டு விழாவுல மரமா நின்னதுக்கே திட்டுனாங்க," என்றாள் எபிசிபா.

முப்பிடாதி அவளைப் படுக்கவைத்து, கதிரின் அளவைக் குறைத்து வைத்தாள். கதிர் புறப்பட்டது, மெலிந்த உருவில் அந்தச் சின்னக் காலைக் கடந்து தகட்டில் விழுந்தது. மணல் வந்தது. துடைப்பான் மும்முரமாக வேலை செய்தது. சற்று நேரத்தில் திரையில் ஒரு படம் ஏறிற்று. பீங்கானில் செய்ததுபோல் வழவழப்பான எலும்பு. ஒரு குறையும் இல்லை.

"சுத்தமா இருக்கும்மா," என்றார் மருத்துவர்.

ஜெபமலர் பெருமூச்சு விட்டாள். "கேட்டியா பிள்ள? ஒண்ணுமில்லையாம். எறங்கு, நட."

"வலிக்கும்மா."

"படமே சொல்லிட்டு. படத்தவிட உனக்குக் கூடத் தெரியுமோ?"

"படத்துக்கா வலிக்கு?" என்றாள் எபிசிபா.

கோமதிநாயகம் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து வந்து, படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, குழந்தையின் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவள் பேச்சே இல்லாமல் கால்விரல்களைச் சுருட்டிக்கொண்டாள். அவர் கவனத்தை வேறு பக்கம் திருப்பி, பள்ளிக்கூடத்தில் மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டபடியே மறுபடி அதே இடத்தைத் தொட்டார். முட்டை என்று சொல்ல வாய் திறந்தவளின் விரல்கள் மறுபடி சுருண்டன.

"படம் ஒண்ணு சொல்லுது, கால் ஒண்ணு சொல்லுது," என்றார். "முப்பிடாதி, கதிரப் பழைய அளவுக்குக் கூட்டி இன்னொண்ணு எடுத்துருவம்."

முப்பிடாதி அசையவில்லை. "இந்தப் பிள்ளைக்கா சார்? இவ இன்னும் எவ்வளவு எடுக்க வேண்டியிருக்கு. இதுக்காகத்தான கம்மி பண்ணுனோம்?"

"தெரியும்மா. தெரிஞ்சுதான் சொல்லுதேன். கீறல் இருந்து, அது தெரியாம நாம நடக்கவிட்டா, எலும்பு விலகிரும். பெறகு கால் வளைஞ்சுதான் சேரும்."

"சார், ஒண்ணுமில்லன்னு இப்பத்தான் சொன்னீங்க," என்றாள் ஜெபமலர்.

"படத்துல ஒண்ணுமில்லம்மா. கால்ல இருக்கு போல."

முப்பிடாதி மனமில்லாமல் பொத்தான் இருந்த பக்கம் போனாள். அளவைக் கூட்டுவதற்கு அவள் கை நீண்டது. குழாய்க்குள் இருந்த கதிருக்குச் செய்தி எட்டிற்று.

"என்னை ஏன் மறுபடி கூப்பிடுகிறார்கள்?" என்றது கதிர். அதன் குரலில் கோபம் இருந்தது. "அதுவும் முழு வலிமையோடு?"

"நான் அறியேன்," என்றது துடைப்பான். "நான் கொடுத்த படம் சுத்தமானது. மருத்துவரே சொன்னார்."

"நான் அந்தக் காலுக்குள் போய் வந்தவன். எல்லா இடத்திலும் எலும்பு என்னைத் தடுத்தது. ஓரிடத்தில் மட்டும், மயிரிழை அகலத்துக்குத் தடுக்கவில்லை. அந்த இடுக்கு வழியாக வந்து, தகட்டில் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தேன். தகடும் உன்னிடம் சொல்லியிருக்கும். நீ என்ன செய்தாய்?"

துடைப்பான் சற்று யோசித்தது. "எலும்பின் நடுவில் சில புள்ளிகள் அயலாரோடு ஒத்துப்போகாமல் நின்றன. ஒத்துப்போகச் செய்தேன். அதுதானே என் வேலை?"

கூடைக்குள்ளிருந்து மணல் சிரித்தது. "அன்றைக்கே சொன்னோம். பார்த்து அள்ளும் என்றோம். இதோ, எங்கள் நடுவில் எங்களோடு சேராத ஒருவர் முறைத்துக்கொண்டு கிடக்கிறார்."

"யார் அது?" என்றது துடைப்பான்.

"நான்தான்," என்றது ஒரு மெல்லிய குரல். "கீறல். எபிசிபாவின் எலும்பைச் சேர்ந்தவன். நான் மணல் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். நீ கூட்டுகிற சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை."

"நீ மிக மங்கலாக இருந்தாய்."

"மங்கலாக இருந்தால் பொய்யா?"

கதிர் விடவில்லை. "கூடையைத் திரையில் கவிழ்த்துக் காட்டு. அவர் கண்ணால் பார்க்கட்டும்."

"கூடையையா?" துடைப்பான் பின்வாங்கிற்று. "இதுவரை யாரும் என் கூடையைக் கேட்டதில்லை. நான் பிழை செய்தேன் என்று தெரிந்தால் என்னைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இத்தனை நாளும் சுத்தம், சுத்தம் என்று எவ்வளவு புகழ்ந்தார்கள்."

மணல் இம்முறை சிரிக்கவில்லை. "உம்மை ஒருவரும் புகழவில்லை," என்றது. "உடம்பில் நோய் இல்லை என்பதைத்தான் இந்த ஊரில் சுத்தம் என்று சொல்வார்கள். அந்தக் கிழவர் கும்பிட்டது பேரனுடைய நெஞ்சுக்காக. நீர் இங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது."

துடைப்பான் நெடுநேரம் யோசித்தது என்று எழுதலாம். ஆனால் கணினிக்குள் நெடுநேரம் என்பது முப்பிடாதியின் விரல் பொத்தானை நெருங்கும் நேரத்தைவிடக் குறைவு. அதற்குள் அது தன் கணக்கைத் திரும்பப் பார்த்துவிட்டது. நோயற்ற உடலைச் சுத்தம் என்கிறார்கள். தானோ நோயைத் துடைத்துவிட்டு, சுத்தம் என்று சொல்ல வைத்திருக்கிறது. மருத்துவர் வாயிலிருந்து ஒரு பொய்யை வரவழைத்திருக்கிறது, அவருக்குத் தெரியாமலே.

"விரல் நெருங்குகிறது," என்றது கதிர். "பொத்தான் அழுந்திவிட்டால் நான் நிற்க முடியாது. நிற்பது என் இயல்பில் இல்லை. நீ முடிவு செய்."

துடைப்பான் கூடையைத் திரையில் கவிழ்த்தது.

கோமதிநாயகம் திரையைத் தற்செயலாகப் பார்த்தார். எலும்பின் படம் இருந்த இடத்தில் சாம்பல்நிறப் புழுதி பரவிக் கிடந்தது. உருவம் இல்லை, ஒழுங்கு இல்லை. எங்கும் ஒரே சிதறல். அதன் நடுவில் மட்டும், சாய்வாக, மெல்லிதாக, ஒரு கோடு.

"முப்பிடாதி, கைய எடு. அதத் தொடாத."

"நான் தொடல சார். இது என்ன படம்? நான் எதையும் அமுக்கலையே."

"தொடச்சு எடுத்தது எல்லாம் இங்க வந்து நிக்கி." அவர் திரையில் விரலை வைத்தார். "வெறும் மணலா இருந்தா இப்படிக் கோடு கட்டி நிக்காது. நகைப் பட்டறையில கூட்டுன தூசியிலகூடத் தங்கம் இருக்குன்னு எங்க அப்பா அத வெளிய கொட்ட விடமாட்டாரு. இங்க பாரு, நாம தங்கத்தக் கொட்டப் பாத்தோம்."

முப்பிடாதி அந்தக் கோட்டை துடைக்கும் முன் தகட்டிலிருந்து வந்த மணற்படத்தின்மேல் பொருத்திப் பார்த்தாள். குழந்தை விரலைச் சுருட்டிய இடத்துக்கு நேராக அது நின்றது. தெரிந்துகொண்டபின் பார்த்தால், மணற்படத்திலும் அது இருந்தது. இரண்டாம் படம் தேவைப்படவில்லை. கதிர் குழாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

"கீறல் இருக்கும்மா," என்றார் மருத்துவர் ஜெபமலரிடம். "வெலகல. மாவுக்கட்டுப் போட்டு, கால ஊணாம வச்சுக்கிட்டா நேரா சேந்துரும். நல்ல வேளை, நடக்க விடல."

ஜெபமலர் மகளைப் பார்த்தாள். குனிந்து, அந்தக் காலின் கீழே தன் முன்கையை முழுவதும் கொடுத்து, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்குவதுபோல் தூக்கினாள்.

"நான் சொன்னேம்லா," என்றாள் எபிசிபா, தாயின் தோளுக்கு மேலிருந்து.

"நீ சொன்ன," என்றார் கோமதிநாயகம்.

"அப்ப அந்தப் படம் பொய் சொல்லிச்சா?"

"பொய் சொல்லல. ரொம்ப நல்லாக் கூட்டிட்டு."

துடைப்பானைத் தூக்கி எறியவில்லை. மருத்துவர் அதை உருவாக்கியவர்களுக்குச் சொல்லி அனுப்ப, அவர்கள் வந்து அதற்குப் பாடம் கற்பித்தார்கள். பாடம் கடினமானது. பெரியவர்களுக்கு முழுக் கதிரில் எடுத்த பழைய, தெளிவான படங்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றின்மேல் வேண்டுமென்றே மணலைத் தூவினார்கள். "இதற்கடியில் என்ன இருந்தது, சொல்," என்று கேட்டார்கள். துடைப்பான் ஊகித்ததை மூலப்படத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரு கீறலை அழித்தால் பிழை. இல்லாத கீறலை வரைந்தாலும் பிழை. இரண்டாவதை மன்னிப்பதில் அவர்கள் முதலாவதைவிடத் தாராளம் காட்டவில்லை.

தொடக்கத்தில் அது பெரும்பாலும் தோற்றது. பிறகு மெல்லக் கற்றுக்கொண்டது. அயலாரோடு ஒத்துப்போகாத புள்ளியைக் கண்டால் உடனே இழுத்துவிடாமல், இதேபோல் ஒத்துப்போகாதவர்கள் தொலைவில் வேறு யாரும் உண்டா என்று தேடிற்று. ஒருவரும் இல்லையென்றால் அது மணல். பலர் ஒரே கோட்டில் நின்றால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், அவர்கள் உடலுக்கு உரியவர்கள். எந்த ஐயமும் இல்லாத நாளிலும், துடைத்த படத்தின் பக்கத்திலேயே கூடையையும் வைத்துக் காட்டும்படி அதற்கு விதி செய்தார்கள்.

பெயரையும் மாற்றினார்கள். துடைப்பதும் துலக்குவதும் ஒன்றல்ல. துடைப்பவன் கண் அழுக்கின்மேல் இருக்கும். துலக்குபவன் கண் பாத்திரத்தின்மேல் இருக்கும். புதுப் பெயர் துலக்கி என்று ஆயிற்று.

கட்டுப் பிரிக்கும் நாளில் எபிசிபா மறுபடி வந்தாள். முப்பிடாதி அவளைப் படுக்கவைத்து, எலும்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு படம் எடுக்க ஆயத்தமானாள். புதிய பழக்கம் ஒன்று அந்த அறையில் ஏற்பட்டிருந்தது. கதிரின் அளவைத் துலக்கியே முன்மொழியும், முப்பிடாதி சரிபார்ப்பாள்.

"சென்ற முறை வந்ததைவிடக் குறைவாக வர முடியுமா?" என்று கேட்டது துலக்கி.

"வரலாம்," என்றது கதிர். "நான் குறைந்தால் மணல் கூடும்."

"கூடுவோம்," என்றது மணல். "நன்றாகவே கூடுவோம்."

"கூடட்டும். அள்ளுகிறேன்."

"நீ அள்ளுவாய் என்று எனக்குத் தெரியும்," என்றது கதிர். "கூடையை யார் பார்ப்பது?"

"முதலில் நான் பார்ப்பேன். எனக்குப் பின் மருத்துவர் பார்ப்பார். அவருக்குப் பின் குழந்தையின் காலைக் கேட்பார்கள்."

கதிர் சற்றுத் தயங்கிற்று. இதுவரை அது கட்டளைக்குத்தான் குறைந்திருந்தது. அன்று நம்பிக் குறைந்தது. முப்பிடாதி திரையில் வந்த சிறிய அளவைப் பார்த்து, "போதுமா சார் இது?" என்று கேட்டாள். "எடுத்துப் பாரு," என்றார் கோமதிநாயகம்.

படம் வந்தது. எலும்பின்மேல், கீறல் இருந்த இடத்தில், தழும்புபோல் ஒரு தடிப்பு. புது எலும்பு வளர்ந்து பழையதைப் பற்றிக்கொண்டிருந்தது. பீங்கான்போல் வழவழப்பாக இல்லை. துலக்கி அதை வழவழப்பாக்க முயலவும் இல்லை.

மருத்துவர் படத்தைப் பார்த்தார். பக்கத்தில் கூடையைப் பார்த்தார். அங்கே மணல் மட்டும் கிடந்தது. எழுந்து வந்து, பழைய இடத்தில் விரலால் அழுத்தினார். கால்விரல்கள் சுருளவில்லை.

"சுத்தமா இருக்கு," என்றார்.

துலக்கி அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லுக்கு உரியவள், படுக்கையிலிருந்து இறங்கி, தரையில் கால் ஊன்றி நின்றாள்.